தாழ்ப்பாள் அண்ணன்

கூடத்தில் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ‘கிர்ர்ர்’ என்று நீளமாக இழுத்து, கடைசியில் ஒரு முனகலோடு ஓயும் சத்தம். தன் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு ஜோடி சாக்ஸுக்கு மேல் மூன்றாவது ஜோடியை ஏற்றிக்கொண்டிருந்த தாழ்ப்பாள் அண்ணன் கையை அப்படியே நிறுத்தினார். திறந்த சத்தம் வந்துவிட்டது. அடுத்து மூடும் சத்தம் வரவேண்டும். மனசுக்குள் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

வரவில்லை.

“யாரது? பின்னாடி கல்யாண ஊர்வலமா வருது? கதவ மூடுங்கப்பா!”

“கையில மூட்டை இருக்குண்ணே! எனக்கு ரெண்டு கைதான்!” கூடத்திலிருந்து பதில் வந்தது.

“முழங்கால் எதுக்கு இருக்கு? அழகு பாக்கவா?”

பிறகு ‘டம்’ என்று வீடே ஒரு தரம் குலுங்கியது. அவர் முகத்தில் நிம்மதி பரவியது. மூன்றாவது சாக்ஸ் மிச்சத் தூரத்தையும் ஏறி முடித்தது.

அந்தக் கதவை மூடுவது சாமானிய வேலை இல்லை. ஈரத்தில் ஊறி ஊறி உப்பிப்போன மரம் அது. முதலில் கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். பிறகு இடுப்பால் ஒரு தள்ளு. கடைசியாக முழங்காலால் ஒரு முட்டு. தூக்கு, தள்ளு, முட்டு. புதிதாக வந்தவர்களுக்கு இதை அவர் செய்து காட்டுவார். ஒரு மாதம் கழித்தும் பிடிபடாதவர்களை, பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பஸ் டெப்போவின் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் அவர் தாழ்ப்பாள். அங்கே குடியிருக்கும் மாஸ்டர் சூட்டிய பட்டம் அது. சொல்லிச் சொல்லி வாயில் தேய்ந்து ‘தாப்பாண்ணே’ ஆகிவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. “தாப்பா இல்லாத வீடு வீடாடா? சத்திரம்” என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். போகும்போது நாற்பத்தொரு நிறுத்தம், வரும்போது நாற்பத்தொரு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் பொத்தானை அழுத்த வேண்டும், கதவு ‘புஸ்ஸ்’ என்று திறக்க வேண்டும். முதலில் ஏறுவது குளிர்தான். டிக்கெட் எடுக்காமல் ஏறி, நேராக டிரைவரின் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். “நாளெல்லாம் ஊருக்கே கதவு தொறந்து விடுறேன். வீட்டுக்கு வந்தாலாவது நாலு கதவு மூடிக் கெடக்குறதக் கண்ணால பாக்க வேணாமா?” என்பது அவர் கட்சி. நியாயம்தானே?

ஆனால் அதே மனிதர், பஸ்ஸில் வேறு ஆள். பக்கக் கண்ணாடியில் யாராவது ஓடி வருவது தெரிந்துவிட்டால் போதும், அவர் விரல் பொத்தானைத் தொடாது. உள்ளே இருப்பவர்கள் குளிரில் பல் தந்தியடிக்கத் திட்டுவார்கள். “ஓடி வர்றவங்க மூஞ்சில கதவ மூடுனா எனக்குச் சோறு எறங்காது சார். நீங்க வேணா காலரத் தூக்கி விட்டுக்குங்க” என்பார் திரும்பிப் பார்க்காமலே.

வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணீர் சிந்துவதில் அந்த வீட்டை மிஞ்ச எந்தக் கதாநாயகியாலும் முடியாது. கதாநாயகிக்காவது ஒரு காரணம் வேண்டும். இந்த வீட்டுக்குக் காரணமே வேண்டாம். காலையில் ஜன்னல் கண்ணாடிகள் விம்மும். மத்தியானம் சுவர்கள் கலங்கும். சாயங்காலம் குளியலறைக் கூரை மௌனமாகச் சொட்டும். உப்பு ஜாடியில் உப்பு கல்லாகிவிடும். கரண்டிக் காம்பால் இடித்துத்தான் எடுக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்த அன்றே பிஸ்கட்டுக்கு முதுகெலும்பு போய்விடும். வாங்கி வைத்த தபால் உறைகள், கடிதம் எழுதுவதற்கு முன்பே தாமாக ஒட்டிக்கொண்டிருக்கும். போர்வைக்குள் நுழைவது ஆற்றில் இறங்குவது மாதிரி. முதலில் கட்டைவிரல், அப்புறம் முட்டிவரை, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே முழுக்கு.

வாடகைக்கு நான்கு அறைகள். ஒன்றில் தாழ்ப்பாள். ஒன்றில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒன்றில் தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருக்கும் மாஸ்டர். நான்காவது அறையில் குடியிருப்பது ஒரு வாளி. அந்த அறைக் கூரை அப்படி. வாளிக்கு மட்டும்தான் அந்த வீட்டில் தனி அறை கிடைத்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பாள் நர்ஸ்.

கூடத்துச் சுவரில் பெரியப்பா இருக்கிறார். முதலில் ஒரு சிறு கறுப்புப் பூஞ்சைப் புள்ளியாகத்தான் வந்தார். முதல் மழைக்கு அவருக்கு வயிறு வந்தது. இரண்டாவது வருஷம் மீசை முளைத்தது. இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கனத்த மனிதரின் உருவம் அச்சாகச் சுவரில் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் செய்து சொன்னார்கள். “பழைய வீடு, பழகிடும்” என்றார் அவர். உண்மைதான், பழகிவிட்டது. மாஸ்டர் வேலைக்குக் கிளம்பும்போது “வர்றேன் பெரியப்பா” என்று சொல்லிக்கொண்டு போவார்.

இந்த நீர்நிலையில் தாழ்ப்பாள் அண்ணன் நடத்திய யுத்தம் கொஞ்ச நஞ்சமல்ல. பழைய சீருடைப் பேன்ட்டின் இரண்டு கால்களையும் வெட்டி, உள்ளே கந்தலைத் திணித்து, இரண்டு பாம்புகள் தைத்தார். ஒன்று வாசல் கதவின் அடியில் படுத்திருக்கும், மற்றது சமையலறைக் கதவின் அடியில். ஜன்னல்களைத் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். இடுக்குகளில் செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தார். சக்கரம் வைத்த ஹீட்டர் ஒன்றே ஒன்றுதான். அது யார் அறைக்கு எப்போது உருள வேண்டும் என்பதற்கு, பஸ் நேர அட்டவணை மாதிரி ஓர் அட்டவணை போட்டுச் சமையலறையில் மாட்டினார். ஈரத்தில் எழுத்தெல்லாம் ஓடிப்போய், கடைசியில் ஹீட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

இன்னொரு ரகசியமும் உண்டு. காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது அவர் கையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு துணிப்பையும் இருக்கும். அதில் என்ன என்று டெப்போவில் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் கடைசி நிறுத்தத்தில் திடீரென்று ஏறினார். டிரைவர் சீட்டுக்கு முன்னால், வெதுவெதுப்பாக எஞ்சின் காற்று வரும் துளைகளின் மேல், வரிசையாக ஆறு சாக்ஸ்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“என்னய்யா இது, பஸ்ஸா, துணி காயப்போடுற மொட்டை மாடியா?”

“சார், வண்டி நிக்கிற பத்து நிமிஷந்தான் சார். ஓடும்போது ஒண்ணும் இருக்காது.”

“அதுல ஒண்ணு பொம்பளைங்க சாக்ஸ் மாதிரி இருக்கே?”

“நர்ஸுப் பொண்ணோடது சார். பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பாக்குற வேலை.”

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் சாக்ஸ்களைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ ஈர வீடு இருந்திருக்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் இறங்கிப் போய்விட்டார்.

இப்படி நனைந்தும் நடுங்கியும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது வாழ்க்கை. அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபோது தம்பிக்கு வயது பதினொன்று. அன்றிலிருந்து அவருக்குத் தலை சீவியவள், பொத்தான் தைத்தவள், லைசென்ஸ் பரீட்சையில் முதல் தரம் தோற்றபோது அதிகாரியின் மேஜைவரை போய்ச் சண்டை போட்டவள். அவள் சொல்லை அவர் தட்டியதே கிடையாது. பஸ்ஸையே நிறுத்தத் தெரிந்த மனிதருக்கு, அக்காவின் வாக்கியத்தை நடுவில் நிறுத்தத் தெரியாது. ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் அவளும் மாமாவும் பேக்கரி நடத்துகிறார்கள். அடுப்புகளுக்கு நேர்மேலே மாடியில் வீடு. அந்த வீட்டுச் சுவர்கள் ரஸ்க் மாதிரி காய்ந்திருக்கும்.

“ஏன்டா, பேசும்போது நடுவுல இருமுறியா, இருமும்போது நடுவுல பேசுறியா?” என்றாள் அக்கா போனில்.

“பஸ்ஸுல தூசிக்கா.”

“ஒரு வாரமா மழைன்னு நீதானடா சொன்ன? மழையில என்ன தூசி?”

பதிலுக்கு இருமல்தான் வந்தது. நான்கு வருஷமாக அவர் அக்காவிடம் சொல்லி வந்த பொய் சின்னப் பொய் அல்ல. “வீட்டுல சூடு தாங்கலக்கா, ராத்திரி போர்வைய எட்டி உதைச்சுட்டுத்தான் படுக்கறேன்” என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறார், அப்போது தலையில் குல்லாய், கழுத்தில் மப்ளர், மடியில் வெந்நீர்ப் பை.

“ஞாயித்துக்கெழமை வர்றேன்” என்றாள் அக்கா. “ஒரு மணி ரயில்ல வந்து, நாலு மணி ரயில்ல திரும்பிடுவேன். சுவத்துல கை வெச்சுப் பாப்பேன். ஈரம் ஒட்டுச்சோ, உன்னையும் உன் துணிமணியையும் அள்ளிக்கிட்டுத்தான் ரயில் ஏறுவேன். மாமாவுக்கும் வேன் ஓட்ட ஆள் வேணுமாம். மாடி ரூமு சும்மாத்தான் கெடக்கு. போன தரம் நிமோனியான்னு ஆஸ்பத்திரியில கெடந்தத நான் அடுத்தவங்க சொல்லித்தான தெரிஞ்சுக்கிட்டேன்? இந்தத் தரம் அது நடக்காது.”

அன்று சாயங்காலம் சமையலறையில் கூட்டம் கூடியது.

“போயிடுங்கண்ணே” என்றார் மாஸ்டர். “காஞ்ச சுவரு, பக்கத்துலயே சூடான பன்னு. எனக்கு ஒரு அக்கா இருந்து இப்படிக் கூப்புட்டா, செருப்பு போடாம ஓடுவேன்.”

“நீ ஓடுவ. போற அவசரத்துல கதவத் தொறந்து போட்டுட்டு ஓடுவ” என்றார் தாழ்ப்பாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அங்க ஒரு வாரம் இருந்து பாத்தேன்டா. அந்த வீட்டுக் கதவுக்கெல்லாம் மேல ஒரு இரும்புக் கை வெச்சிருக்காங்க. தானா மூடிக்குது. யாரோ வந்துட்டாங்களேன்னு நான் எந்திரிப்பேன், அதுக்குள்ள மூடிரும். திரும்பி வந்து உக்காந்துக்குவேன். ஏழு நாளும் எந்திரிக்கறதும் உக்கார்றதுமாவே போச்சு.”

நர்ஸ் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

“அக்காகிட்ட வரமாட்டேன்னு சொல்லிடுங்கண்ணே.”

“அக்காகிட்டயா!” என்றார் அவர், ஓடும் பஸ்ஸின் முன்னால் குதிக்கச் சொன்னதுபோல.

ஆக, வழி ஒன்றுதான். அக்கா இருக்கப்போகும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வீடு காய்ந்து, கதகதப்பாக இருந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே வேலை ஆரம்பமானது. கூடத்தில் நாலு நாளாகக் கொடியில் தொங்கி, காய்வது என்ற எண்ணமே இல்லாமல் இருந்த துணிகளையெல்லாம் அள்ளி, அவர் அறை அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்தினார்கள். பெரியப்பாவை என்ன செய்வது? டெப்போவிலிருந்து தாழ்ப்பாள் பெரிய வழித்தட வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைப் பசை தடவிச் சுவரில் ஒட்டியதும் பெரியப்பா மறைந்தார். மாஸ்டர் மட்டும் “தப்பா நெனைக்காதீங்க பெரியப்பா, நாலு மணி வரைக்குந்தான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஹீட்டரைக் கூடத்துக்கு உருட்டிவந்து காலை எட்டு மணிக்கே போட்டார்கள். பதினொரு மணிக்கு நர்ஸின் அறையிலிருந்து ‘விர்ர்’ என்று ஒரு சத்தம், உடனே ‘பட்’ என்று இன்னொரு சத்தம். வீடு இருண்டது. தலை காயவைக்கும் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு நர்ஸ் குற்றவாளியாக வெளியே வந்தாள்.

“அண்ணே... அக்கா முன்னாடி ஈரத் தலையோட நிக்க வேணாமேன்னு...”

ஃபியூஸ் போட்டதும் விளக்கு வந்தது. ஹீட்டர் வரவில்லை. தட்டினார்கள், உருட்டினார்கள், மாஸ்டர் அதன் காதில் ஏதோ கெட்ட வார்த்தைகூடச் சொன்னார். அது போனது போனதுதான். தாழ்ப்பாள் அண்ணன் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். உயிர் பிரிந்த நண்பனின் தலைமாட்டில் உட்கார்ந்ததுபோல இருந்தது அந்தக் காட்சி.

“எந்திரிங்கண்ணே” என்றார் மாஸ்டர், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு. “உங்களுக்குச் சூடுதான வேணும்? நானூறு பேருக்கு ஒரே நேரத்துல சூடா சோறு போடுறவன் நான். அடுப்ப எங்கிட்ட விடுங்க.”

நாலு அடுப்பிலும் நாலு பெரிய பாத்திரங்கள் ஏறின. நாலிலும் கழுத்துவரை தண்ணீர். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். மற்றக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தாழ்ப்பாள் தானே ஒருமுறை சுற்றி வந்து சரிபார்த்தார். வாசலில் பாம்பைக் காலால் இன்னும் நெருக்கித் தள்ளினார். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. ஆவி வந்தது. ஆஹா, என்ன சுகம்! பன்னிரண்டரை மணிக்குக் கூடம் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. அவர் தயங்கித் தயங்கி, யாரும் பார்க்காதபோது, மூன்றாவது ஜோடி சாக்ஸைக் கழற்றினார். நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஜன்னல் கண்ணாடிகள் பால்போல வெளுத்திருந்ததை மூன்று பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு அக்கா வந்தாள். ஒரு கையில் பன் பொட்டலம். கக்கத்தில் மடித்து இடுக்கிய ஒரு பெரிய கான்வாஸ் பை. காலிப் பை. அது எதற்கு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

“வாக்கா, வா வா வா, உள்ள வா” என்று அவளை இழுக்காத குறையாக உள்ளே விட்டு, தூக்கு, தள்ளு, முட்டு. ‘டம்.’

அக்கா நின்று சுற்றிலும் பார்த்தாள். சால்வையைத் தளர்த்தினாள். “பரவாயில்லையேடா. நெசமாவே கதகதன்னுதான் இருக்கு.”

“நாந்தான் சொன்னேனேக்கா!” என்றார் அவர். நர்ஸ் ஓடிப்போய் டீ கொண்டுவந்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

‘ப்ளக்.’

டீயில் ஏதோ விழுந்தது. அக்கா கோப்பைக்குள் பார்த்தாள். பிறகு நிதானமாக மேலே பார்த்தாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். கூரை முழுக்க, முத்துப் பந்தல் போட்டதுபோல, நீர்த்துளிகள் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

“என்னடா இது?”

“அது வந்துக்கா... மேல...” 

“மேல் வீட்டுல யாரோ குளிக்கிறாங்க போலக்கா” என்று காப்பாற்ற வந்தாள் நர்ஸ்.

“மேல் வீடா? வெளியிலேர்ந்து பாத்தப்ப இதுக்கு மேல கூரைதானம்மா இருந்துச்சு?”

இரண்டாவது துளி அக்காவின் நெற்றியில், பொட்டுக்கு நேர் மேலே விழுந்தது. மூன்றாவது மூக்கில். அடுத்து நடந்ததுதான் கொடுமை. ஆவியில் ஊறிய வரைபடம் மேல் விளிம்பில் மெல்லச் சுவரை விட்டது. பெரிய மனிதர் முன்னால் பணிவாகத் தலைகுனிவதுபோல, இம்மி இம்மியாக முன்பக்கம் வளைந்தது. கடைசியில் நாற்பத்தொரு நிறுத்தங்களும் அக்காவின் காலடியில் விழுந்தன. பின்னால் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, முன்னைவிடக் கறுப்பாக, நனைந்து பளபளப்பாக நின்றார்.

“இது யாரு?” என்றாள் அக்கா.

“பெரியப்பா” என்றார் மாஸ்டர், பழக்க தோஷத்தில்.

அக்கா எழுந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துத் தம்பியின் முன்னால் நீட்டினாள். விரல்களிலிருந்து தண்ணீர் மணிக்கட்டுக்கு ஓடியது. சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன.

“உன் ரூமு எதுடா?”

அவர் கை காட்டினார். காலிப் பையை எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். அவர் பின்னாலேயே போனார். பின்னாலேயே நர்ஸும் மாஸ்டரும். அக்கா அலமாரியைத் திறந்தாள். அவ்வளவுதான், நாலு நாள் ஈரம் அவள் மேல் சரிந்தது. துண்டுகள், மாஸ்டரின் மேலங்கிகள், போர்வை உறை. நர்ஸின் யூனிஃபார்ம் ஒன்று இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“கூட்டுக் குடும்பமாடா நடத்துற அலமாரிக்குள்ள?” என்று கத்தியபடி அதை விலக்கினாள். “மூணு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுச் சளியில சாகப் பொழைக்கக் கெடந்தவன்டா நீ. இந்தக் கெணத்துக்குள்ள உனக்கு என்னடா இருக்கு? எதுக்குடா இங்க கெடக்கற?”

அக்கா அவர் சட்டைகளைத் தேடிக் கதவின் பின்னால் கை விட்டாள். ஆணியில் தொங்கிய துணிப்பை கையோடு வந்தது. திறந்தாள். உள்ளே சாக்ஸ்கள். ஒவ்வொன்றும் உலர்ந்து, ஜோடி ஜோடியாகச் சுருட்டி, சிலவற்றில் சிவப்பு நூல், சிலவற்றில் நீல நூல் தைத்திருந்தது. அந்த வீட்டில் அவள் கை பட்ட முதல் உலர்ந்த பொருள் அதுதான்.

“இதென்ன நூலு?”

“செவப்பு நர்ஸுது. நீலம் மாஸ்டருது” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “பஸ்ஸுல எஞ்சின் சூட்டுல காய வெச்சு எடுத்தாந்துருவேன். மாறிடக் கூடாதுல்ல.”

“ஒன்னோடது எந்த நூலு?”

“எனக்கெதுக்குக்கா நூலு? மிச்சம் இருக்கறது என்னுது.”

அக்கா அவர் காலைப் பார்த்தாள். குனிந்து, ஐம்பத்திரண்டு வயசுத் தம்பியின் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள். சாக்ஸ் ஈரமாகத்தான் இருந்தது.

“உன் வீட்டுல கதவு தானா மூடிக்குதுக்கா” என்றார் அவர், திடீரென்று, சம்பந்தமே இல்லாமல். 

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஸ்டர் வராத இருமலை வரவழைத்து இருமினார். அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தை சில்லென்று உறைத்ததும் அடுத்த நொடியே எழுந்தாள்.

“முட்டாப் பயலே” என்றாள். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. “எல்லாத்தையும் இறுக்கி மூடிக்கிட்டு நாலு அண்டாத் தண்ணிய கொதிக்க வெச்சா, வீட்டுக்குள்ள மழை பெய்யாம என்னடா செய்யும்? ஈரம் வெளிய போக நீ வழி விட்டியா?”

“தொறந்தா குளிர் உள்ள வருமேக்கா.”

“வரட்டும். விருந்தாளி மாதிரி வந்துட்டுத் திரும்பிப் போகும். நீ சாத்திக்கிட்டா, வந்தது எப்படிடா போகும்?”

சொல்லிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். இடுக்கில் செருகியிருந்த செய்தித்தாளை உருவி எறிந்தாள். திறக்க மறுத்த சட்டத்தை உள்ளங்கையால் ஓங்கி இரண்டு அடி அடித்தாள். பேக்கரியில் முப்பது வருஷம் மாவு பிசைந்த கை அது, ஜன்னல் திறந்துகொண்டது. வெளிக் காற்று ஊசியாக உள்ளே வந்தது. தாழ்ப்பாள் அண்ணனின் உதடு தன்னையறியாமல் எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு... மூன்றில் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். 

அக்கா கான்வாஸ் பையை உதறி விரித்தாள். அவர் சுவரோரம் நகர்ந்து நின்றார். பெட்டி கட்டும்போது பார்க்கும் தைரியம் இல்லை. ‘சரக்’, ‘சரக்’ என்று துணிகள் பைக்குள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“அக்கா... அக்கா, அது என் யூனிஃபார்ம்! நாளைக்கு எனக்கு டூட்டி!” என்று அலறினாள் நர்ஸ்.

“ஒண்ண விட்டுட்டுப் போறேம்மா, பதறாத. எங்க அடுப்புக்கு மேல போட்டா ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிடும். அடுத்த ஞாயித்துக்கெழமை கொண்டாந்து தர்றேன். மாஸ்டர் தம்பி, அந்தப் போர்வைய எடுங்க. அழுத்திப் புடிங்க, நான் ஜிப்ப இழுக்கறேன்.”

தாழ்ப்பாள் அண்ணன் திரும்பிப் பார்த்தார். மூன்று பேரின் ஈரத் துணியும் பைக்குள் அடைந்து, பை நிறைமாதக் கர்ப்பிணியாகத் தரையில் உட்கார்ந்திருந்தது.

“அப்ப... என் சட்டையெல்லாம்?” என்றார் தடுமாறி.

“பையில எடமில்லடா” என்றாள் அக்கா, அவரைப் பார்க்காமல், ஜிப்பை இழுத்துக்கொண்டே. “பாத்தா தெரியல?”

கிளம்பும்போது தன் சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். நர்ஸ் எடுத்துக் கொடுக்கப் போனபோது, “மறந்துட்டேன்னு வெச்சுக்க” என்றாள். மாஸ்டரிடம், தினமும் காலையில் அரை மணி நேரம் ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், அது அவர் பொறுப்பு என்றாள். சுவரிலிருந்த பெரியப்பாவிடம், “நான் அடுத்த வாரம் வரும்போது நீ எளைச்சிருக்கணும்” என்றாள். தம்பியிடம் ஒன்றுதான் சொன்னாள். “ஸ்டேஷனுக்கெல்லாம் வராத. இருமல். பஸ் ஸ்டாப்பு எனக்குத் தெரியும்.”

அவர் கதவைத் தூக்கி இழுத்துத் திறந்தார். அக்கா படி இறங்கினாள். ஈரத் துணியின் கனம் அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. பத்தடிக்கு ஒருமுறை பையைக் கை மாற்றிக்கொண்டு, மூடுபனியில் தெருமுனையில் இருந்த நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

கதவு திறந்தே இருந்தது.

சமையலறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டர், பழிக்குப் பழியாக உரக்க எண்ண ஆரம்பித்தார். “ஒண்ணு... ரெண்டு... மூணு! யாரது, கதவு! பின்னாடி கல்யாண ஊர்...”

“ஷ்ஷ்” என்றது நர்ஸின் குரல். அதன்பிறகு துடைக்கும் சத்தமும் நின்றுவிட்டது.

குளிர் வீட்டுக்குள் தாராளமாக வந்தது. அவர் முழங்காலைத் தாண்டி, பெரியப்பாவைத் தாண்டி, நான்காவது அறையின் வாளிவரை போனது. தெருமுனையில் அக்கா திரும்பினாள். வாசலில் தம்பி நிற்பதைப் பார்த்து, பை இல்லாத கையை வீசி ‘மூடுடா, மூடு’ என்று சைகை காட்டினாள். அவர் அசையவில்லை. பக்கக் கண்ணாடியில் ஓடி வருகிறவர்களைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் வந்தது. தூரத்தில் ‘புஸ்ஸ்’ என்று கதவு திறந்தது. முதலில் பை ஏறியது, பிறகு அக்கா. அந்த டிரைவர் கொஞ்சம் காத்திருந்துதான் கதவை மூடினான். பஸ் வளைவில் திரும்பி, பின் விளக்குகள் பனியில் கரைந்தன.

அப்புறம்தான் அவர் கீழே பார்த்தார். பாம்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவைத்தார். தூக்கினார், தள்ளினார், முழங்காலால் முட்டினார்.

‘டம்.’